பிக்கப் வண்டிக்கு மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா: முடிவெடுக்கும் வரிசையும் சோதிக்கும் முறையும்

டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்ற பிக்கப் வண்டியைத் தோட்ட வேலைக்கும் குடும்பப் பயணத்துக்கும் சேர்த்து வாங்க நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வாங்குபவர்கள் சிலரோடு ஷோரூமுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உடன் சென்றிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: வெறும் வண்டியைச் சமமான சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, பிடித்த கியர் முறையை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குரிய காரணங்களைப் பிறகு தேடினார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சுமை, பாதை, ஓட்டுபவர், பழுது பார்க்கும் வசதி ஆகிய நான்கையும் எழுதி முடித்த பிறகே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

1. புறப்படும் முன் திரட்ட வேண்டியவை

முதலில் உங்கள் சுமையின் உண்மையான எடையை அறிந்துகொள்ளுங்கள். இப்போது வாடகை வண்டியில் சரக்கு அனுப்புகிறீர்கள் என்றால், ஒரு முறை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் சொல்லும் எடை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 50 கிலோ சிமென்ட் மூட்டை பத்து என்றாலே 500 கிலோ. 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 500 கிலோ.

அடுத்து, நீங்கள் பார்க்கும் வண்டியின் ஏற்றிய எடை வரம்பிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய மொத்தம். இதில் ஓட்டுநரும் உடன் வருபவர்களும் அடக்கம். ஐந்து பேர் ஏறினாலே 350 கிலோ அளவில் போய்விடும் என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இரட்டை வரிசை இருக்கை கொண்ட வண்டிகளில் இந்த வரம்பு நாம் நினைப்பதைவிடக் குறுகியது. உங்கள் அன்றாடச் சுமை அந்த வரம்பைத் தாண்டினால், கியரைப் பற்றிய யோசனையை நிறுத்திவிட்டு வேறு வண்டியைப் பாருங்கள்.

மூன்றாவதாக, ஒரு மாதத்தில் செல்லும் பாதைகளை எழுதுங்கள். எத்தனை நாள் மலைப்பாதை, எத்தனை நாள் சந்தை வரிசை, எத்தனை நாள் நெடுஞ்சாலை என்று பிரித்தால் போதும். வண்டியைத் தொடப்போகிற ஒவ்வொருவரின் பெயரையும் அதனருகில் குறியுங்கள். இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படிகளுக்குப் போகாதீர்கள். பின்னால் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

2. உங்களுக்குத் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்

பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற சரக்கு வண்டிகளை மேனுவலில்தான் பார்க்க முடிகிறது. தினமும் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுபவருக்கு இந்தக் கேள்வி அநேகமாக எழுவதே இல்லை.

ஹைலக்ஸ், வி-கிராஸ் இரண்டிலும் 6 கியர் மேனுவலும் 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் வந்துள்ளன. ஆனால் எல்லா வகைகளிலும் இரண்டும் கிடைப்பதில்லை. வி-கிராஸில் ஆட்டோமேட்டிக் பெட்டி பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையிலும் விற்கப்பட்டது; ஹைலக்ஸின் தொடக்க வகை மேனுவலாகவே வந்தது. எனவே விலைப்பட்டியலில் தெரியும் வித்தியாசம் முழுவதும் கியர்பெட்டிக்கானது அல்ல. இருக்கை உறை, தொடுதிரை, காற்றுப்பைகள், 4 வீல் டிரைவ் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரே வசதிகள் கொண்ட இரண்டு வகைகளை அருகருகே எழுதி, கியர்பெட்டிக்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்தறியுங்கள்.

ஹைலக்ஸ் வாங்குபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டரும் தருகிறது. வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சினில் இரண்டுக்கும் 360தான். ஆக, ஹைலக்ஸில் கியர் முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே இழுவையின் அளவையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

3. எந்த ஆட்டோமேட்டிக் என்று பிரித்தறியுங்கள்

காரில் தானாகக் கியர் மாற்றும் ஏ.எம்.டி. வகையை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஆட்டோமேட்டிக் மேட்டில் திணறும், கியர் மாறும்போது தலை ஆடும்” என்று முடிவு கட்டுபவர்கள் பலர். அது வேறு பொருள். ஏ.எம்.டி.யில் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பெட்டியும் கிளட்ச் பிளேட்டும்தான். காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது, அவ்வளவே.

மேலே சொன்ன இரண்டு பிக்கப்களிலும் இருப்பது டார்க் கன்வர்ட்டர் வகை. இதில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைப்பது ஆயில். எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் கியர்பெட்டிப் பக்கத்து விசிறியைச் சுழற்றுகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து நகரும்போது உராய்ந்து தேயும் பிளேட் இதில் இல்லை. விற்பனையாளரிடம் “எந்த வகை ஆட்டோமேட்டிக்?” என்று கேட்டு, விடையை வண்டியின் விவரத்தாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

4. சுமையையும் மேட்டையும் சேர்த்து மதிப்பிடுங்கள்

முடிவின் பெரும்பகுதி இந்தப் படியில் இருக்கிறது. ஆகவே இங்கே நேரம் செலவிடுங்கள்.

டர்போ டீசல் எஞ்சின் குறைந்த சுற்றில் பலமற்றது. வி-கிராஸ் தன் முழு முறுக்குவிசையை எட்டுவது நிமிடத்துக்கு 2,000 சுற்றில்தான். சுமையோடு மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது, சக்கரம் இன்னும் சுழலத் தொடங்கவில்லை. எஞ்சினோ குறைந்தது 1,300, 1,500 சுற்றாவது சுழன்றாக வேண்டும். இந்த வேறுபாட்டை மேனுவலில் ஏற்றுக்கொள்வது கிளட்ச் பிளேட். ஹாஃப் கிளட்ச்சில் அது வழுக்கிக்கொண்டே விசையைக் கடத்துகிறது. வழுக்கும் ஒவ்வொரு நொடியும் சூடாகித் தேய்கிறது. சுமை கூடக்கூட வழுக்கும் நேரமும் நீள்கிறது.

ஆட்டோமேட்டிக்கில் அதே வேறுபாட்டை ஆயில் ஏற்றுக்கொள்கிறது. அது மட்டுமல்ல, நின்ற நிலையில் டார்க் கன்வர்ட்டர் எஞ்சினின் முறுக்குவிசையைப் பெருக்கியே கியர்பெட்டிக்கு அனுப்புகிறது. அதனால்தான் அதே எஞ்சின், அதே சுமை, அதே மேடு என்றாலும் ஆட்டோமேட்டிக் வண்டி தடுமாறாமல் நகர்கிறது. தேய்மானத்துக்குப் பதிலாக இங்கே வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பத்தை ஆயிலும் அதன் குளிர்விப்பானும் வெளியேற்ற வேண்டும்.

இதை உங்கள் தாளோடு பொருத்திப் பாருங்கள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40. வளைவில் எதிரே பேருந்து வந்தால் மேட்டிலேயே நின்று, வழிவிட்டு, மறுபடி கிளம்ப வேண்டும். வாரம் இரண்டு முறை பாதிச் சுமையோடு இப்படிப்பட்ட பாதையில் செல்பவருக்கு ஆட்டோமேட்டிக்கையே நான் சொல்வேன். ஒட்டன்சத்திரம் சந்தையிலோ கோயம்பேட்டிலோ விடிகாலை வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்பவருக்கும் இதே விடைதான், ஏனென்றால் கிளட்ச்சைத் தின்னும் வேலைகளில் அதுவும் ஒன்று.

பின்னோக்கி ஏறுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டத்துக் குறுகிய வழியில், மேடான களத்துக்குச் சுமையோடு ரிவர்ஸ் எடுக்கும்போது, ஓர் அடி நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும். கிளட்ச் கருகும் வாடை நான் அதிகம் நுகர்ந்தது நெடுஞ்சாலையிலோ மலையிலோ அல்ல, இப்படிப்பட்ட களங்களில்தான். டிரெய்லர் கோப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மாறாக, சமவெளியில் 60, 80 கிலோமீட்டர் நிற்காமல் ஓடும் வண்டிக்கு இந்த நன்மைகள் பெரிதாகப் பயன்படுவதில்லை. கிளம்பும் தடவைகள் குறைவு என்றால் கிளட்ச்சும் நீண்ட நாள் உழைக்கும். அங்கே மேனுவலின் குறைந்த விலையும் எளிய அமைப்புமே எடை கூடியவை.

5. இறக்கத்தைத் தனியாகச் சோதியுங்கள்

ஏற்றத்தில் வெல்லும் வண்டியை இறக்கத்திலும் நம்பிவிடுவது அடுத்த பிழை. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது எஞ்சின். பிரேக் அதற்குத் துணை மட்டுமே. தொடர்ந்து பிரேக்கை மிதித்தே இறங்கினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். சுமை உள்ள வண்டியில் அது உயிருக்கு ஆபத்து.

மேனுவலில் விதி எளிது: ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும். போட்ட கியர் ஓட்டுநர் மாற்றும் வரை மாறாது.

ஆட்டோமேட்டிக்கை முன்னோக்கிச் செல்லும் ‘டி’ நிலையிலேயே விட்டு இறங்கினால், காலை எடுத்தவுடன் அது மேல் கியருக்குப் போக முயலலாம். எஞ்சின் பிடிப்பு நழுவும். ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே லிவரைக் கையால் மாற்றும் பக்கத்துக்குத் தள்ளி, 2 அல்லது 3ஆம் கியரில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வேகம் கூடிய பிறகு கியரைக் குறைக்க முயன்றால், எஞ்சினைக் காக்கும் பொருட்டு கியர்பெட்டி மறுத்துவிடும். இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ள உங்கள் வீட்டில் ஓட்டுபவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பதையும் தாளில் எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாதவர் மலையில் ஆட்டோமேட்டிக் ஓட்டுவதைவிட மேனுவல் ஓட்டுவது நல்லது.

இரண்டு வகையிலும் நியூட்ரலில் இறங்கக் கூடாது. டீசல் மிச்சமாகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய டீசல் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை ஓடவைக்க டீசல் செலவாகும்.

6. சேறும் மணலும்

4 வீல் டிரைவ் தேவைப்படும் இடங்களில் இரண்டும் வேலை செய்யும். மணலில் கியர் மாற்றும் அந்த நொடியில் மேனுவல் வண்டி வேகம் இழந்து புதைவதுண்டு. ஆட்டோமேட்டிக்கில் அந்த இடைவெளி இல்லை. செங்குத்தான பாறைச் சரிவில் லோ ரேஞ்சும் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் 4 வீல் டிரைவ் நிலை) முதல் கியரும் சேர்ந்த மேனுவலின் பிடிப்பு நம்பிக்கை தருவது. சேற்றில் சிக்கிய ஆட்டோமேட்டிக்கை ‘டி’க்கும் ரிவர்ஸான ‘ஆர்’க்கும் மாற்றி மாற்றி உலுக்காதீர்கள், கியர்களை மாற்றித்தரும் அதன் உள் கிளட்ச்சுகள் அதற்குப் படைக்கப்படவில்லை. இறங்கி, மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னால் வழி வெட்டுவது விரைவான வேலை.

7. ஓட்டப்போகிறவர்களின் பட்டியலைப் பாருங்கள்

கிளட்ச்சின் ஆயுள் வண்டியைவிட ஓட்டுபவரையே சார்ந்தது. ஒரே மாதிரியான வண்டிகளில் 30,000 கிலோமீட்டரில் பிளேட் மாற்றியதையும், 1 லட்சம் தாண்டியும் மாற்றாததையும் பார்த்திருக்கிறேன். கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவதும், மேட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதும்தான் இந்த வித்தியாசத்துக்குப் பெரும் காரணம். உங்களிடம் ஓட்டுநர்கள் அடிக்கடி மாறுவார்கள் என்றால், இந்தச் செலவை முன்கூட்டியே எதிர்பாருங்கள்.

ஆனால், “அப்படியானால் ஆட்டோமேட்டிக் எவர் கையிலும் பத்திரம்” என்ற முடிவும் சரியல்ல. மேனுவலில் பல ஆண்டு பழகியவர் முதன்முதலில் ஆட்டோமேட்டிக் ஓட்டும்போது, அவருடைய இடது கால் கிளட்ச்சைத் தேடி அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் சுமை இருந்தால் அது முன்னால் பாயும். முதல் இரண்டு நாள் இடது காலை இருக்கைக்கடியில் மடக்கி வைத்து, வெறும் வண்டியில், ஆளில்லாத இடத்தில் பழக வேண்டும்.

மூட்டு வலி உள்ளவர்கள், வயதானவர்கள், வீட்டில் ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் ஆகியோரும் வண்டியை எடுப்பார்கள் என்றால், அதற்கு முழு எடை கொடுங்கள். அவசரத்துக்கு மருத்துவமனைக்கு வண்டியை எடுக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை கூடுவது சிறிய நன்மையல்ல.

8. பழுது வந்தால் எங்கே போவீர்கள்

கிளட்ச் பிளேட் மாற்றும் மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். 4 வீல் டிரைவ் வண்டியில் கியர்பெட்டியோடு, முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் பெட்டியையும் இறக்க வேண்டியிருப்பதால் கூலி கூடும், ஆனாலும் வேலை முடியும். ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறந்து சீர்செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வண்டியை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கே கொண்டு செல்ல வேண்டியிருக்கும். எனவே உங்கள் ஊரிலிருந்து அந்த மையம் எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். அரை நாள் பயணத்தில் எட்ட முடியாத இடம் என்றால் நான் தயங்குவேன்.

நடுவழியில் நிற்கும் நிலையையும் யோசியுங்கள். பேட்டரி இறங்கிய மேனுவலைப் பெரும்பாலும் தள்ளிக் கிளப்பலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிக் கிளப்ப முடியாது. ஆட்டோமேட்டிக் வண்டியைச் சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஆயிலைச் சுற்றிவிடும் பம்பு வேலை செய்யாது. பாகங்கள் வறண்ட நிலையில் உராய்ந்து கெடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். உங்கள் காப்பீட்டின் உதவிச் சேவையில் அது அடங்குமா என்று கேட்டு வையுங்கள்.

9. இப்போது ஓட்டிப் பாருங்கள்

ஷோரூமில் மூட்டை ஏற்ற ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான்கு பெரியவர்களை அழைத்துச் செல்லுங்கள். 250, 300 கிலோ ஏறிவிடும். இரண்டு வகையையும் அதே நாளில், அதே பாதையில் ஓட்ட வேண்டும். நாள் இடைவெளி விட்டால் ஒப்பிட முடியாது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பாலத்து ஏற்றத்தின் நடுவில், போக்குவரத்து இல்லாத வேளையில் நிறுத்திக் கிளப்புங்கள். மேனுவலில் ஹேண்ட் பிரேக் பிடித்து, எத்தனை சுற்றில் வண்டி தயங்காமல் நகர்கிறது என்று பாருங்கள். அடுத்து அதே ஏற்றத்தில் மெதுவாக ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். பிறகு பதினைந்து நிமிடம் நெரிசலில் ஓட்டி, இடது காலின் நிலையைக் கவனியுங்கள். கடைசியாக நெடுஞ்சாலையில் 60இலிருந்து 90க்கு ஏறிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கீழ்க் கியருக்கு இறங்க எடுக்கும் நேரம் அங்கே தெரியும். லாரியைக் கடக்கும்போது அந்தத் தாமதத்தை நீங்கள் கணக்கில் வைக்க வேண்டியிருக்கும்.

10. பழைய வண்டி என்றால் கூடுதலாகச் செய்ய வேண்டியவை

மேனுவலில், 4ஆம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். எஞ்சின் சுற்று சட்டென ஏறி, வேகம் அதனோடு ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பெடல் மிக மேலே வந்த பிறகே கிளட்ச் பிடிக்கிறது என்றாலும் அதே ஐயம் கொள்ளலாம்.

ஆட்டோமேட்டிக்கை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கச் செல்லுங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். பிரேக்கை மிதித்தபடி ‘ஆர்’, ‘டி’ என்று மாற்றும்போது ஓரிரு நொடிக்குள் இழுவை வர வேண்டும். நீண்ட தாமதமும் இடி போன்ற அதிர்வும் நல்ல அறிகுறி அல்ல. 50 முதல் 70 வரையிலான வேகத்தில் லேசாக மிதித்துச் செல்லும்போது, வரிவரியான சாலையில் ஓடுவது போல வண்டி நடுங்கினால், ஓட்டத்தில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் நேராக இணைக்கும், டார்க் கன்வர்ட்டரின் பூட்டும் கிளட்ச் தேய்ந்திருக்கலாம் அல்லது ஆயில் கெட்டிருக்கலாம். கருகிய வாடை அடிக்கும் ஆயில் உள்ள வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கியர்பெட்டி ஆயில் மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள்.

11. கணக்கைக் கடைசியில் போடுங்கள்

எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். மேனுவல் பக்கத்தில், அந்த ஆண்டுகளில் தேவைப்படும் கிளட்ச் செட்டின் விலையும் கூலியும், வண்டி ஓடாத நாட்களின் இழப்பும் வர வேண்டும். ஆட்டோமேட்டிக் பக்கத்தில், இரண்டாம் படியில் பிரித்தெடுத்த விலை வித்தியாசம், அதற்குரிய வட்டி, ஆயில் மாற்றும் செலவு ஆகியவை வர வேண்டும்.

ஆயில் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. “இந்த ஆயிலை மாற்றவே வேண்டாம்” என்று சொல்லக் கேட்டு விட்டுவிடுபவர்கள் உண்டு. வண்டியின் கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்குத் தனிப் பட்டியல் இருந்தால், சுமை, மலை, தூசி, டிரெய்லர் ஆகியவை அதில் வரும்; பிக்கப் வைத்திருக்கும் பலரும் அந்தப் பட்டியலைத்தான் பின்பற்ற வேண்டும். ஆயிலின் வகை எண்ணையும் அதிலிருந்தே எடுங்கள்.

கணக்கில் இரண்டும் நெருங்கி வந்தால், நான்காம் படியில் எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள். பணம் சமமாக இருக்கும்போது பாதைதான் தீர்மானிக்க வேண்டும்.

12. முன்பணம் கட்டிய பின்

ஆர்டர் படிவத்தில் வகையின் முழுப் பெயரையும் கியர்பெட்டியையும் எத்தனை சக்கர இழுவை என்பதையும் எழுதி வாங்குங்கள். பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால், மேனுவல் பதிவு செய்தவருக்கு வேறு வகை ஒதுக்கப்பட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்த ஒன்றரை மாதம் ஆயிற்று.

ஆட்டோமேட்டிக் எடுத்தவர்கள், சரிவில் நிறுத்தும் வரிசையை முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும். பிரேக்கை மிதித்து நிறுத்தி, நியூட்ரலான ‘என்’ நிலைக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கில் அமர்ந்ததை உறுதிசெய்து, மறுபடி பிரேக்கை மிதித்து பார்க்கிங் நிலையான ‘பி’க்கு மாற்றுங்கள். நேராக ‘பி’யில் போட்டுவிட்டால், சுமையோடு நிற்கும் வண்டியின் முழு எடையும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய இரும்புக் கொக்கியின் மேல் விழும்.

மேனுவல் எடுத்தவர்கள், முதல் வாரமே சுமையோடு ஒரு மேட்டில் ஹேண்ட் பிரேக் உதவியால் கிளப்பும் பயிற்சியைப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே கிளட்ச் ஆற இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். வண்டியைத் தொடப்போகிற ஓட்டுநரையும் உடன் நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள்.